ஐந்து லட்சம் பேர் தூங்கும் நேரத்தில்: ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழா வாரத்தில் பழைய எல்லைப்புற ஊர்களைச் சுற்ற முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏழாயிரம். ஆகஸ்டில் பத்து நாள் மட்டும் அந்த ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கும் நான்கைந்து லட்சம் பேர் மோட்டார் சைக்கிளில் வந்து குவிகிறார்கள். 75ஆவது திருவிழா நடந்த 2015இல் கூட்டம் ஏழு லட்சத்தைத் தாண்டியது.

மினியாபொலிஸில் வேலை பார்க்கும் நான் இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை திருவிழாவைப் பார்க்கத்தான் போனேன். வெயில், புகை, இரைச்சல், பைக் நிறுத்த இடம் தேடும் அலைச்சல் என்று நான்கே நாளில் அலுத்துத் திரும்பினேன். இரண்டாம் முறை நானும் என் மைத்துனனும் காலை ஐந்தரைக்கே பைக்கை எடுத்தோம். நள்ளிரவு வரை கச்சேரியும் பீருமாக இருந்த கூட்டம் பத்து மணிக்கு முன்னால் சாலைக்கு வருவதில்லை. தங்கத்தையும் பட்டாளத்தையும் மாட்டு மந்தையையும் நம்பி 19ஆம் நூற்றாண்டில் முளைத்த ஊர்கள் அந்த நாலரை மணி நேரம் நமக்கே நமக்கு. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது: காலையில் ஊர், மதியம் நிழல், மாலையில் திருவிழா.

முதல் படி: தேதியும் அறையும்

திருவிழா வழக்கமாக ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கும். முதல் வார இறுதியில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஞாயிறு மாலை வந்து இறங்கி சனி காலை கிளம்புவது நல்லது.

அறைக்கு ஒரு வருடம் முன்பே முயல வேண்டும். நான் ஏப்ரலில் தேடத் தொடங்கி, சாதாரண நாளில் கேட்பதைப் போல மூன்று மடங்கு கொடுத்து, குளியலறைக் கதவு சாத்தாத ஒரு அறையில் தங்கினேன். ஸ்டர்ஜிஸுக்குள்ளேயே தங்கும் ஆசையை விடுங்கள். மேற்கே ஸ்பியர்ஃபிஷ், வடக்கே பெல் ஃபூர்ஷ், தெற்கே கஸ்டர் ஆகிய ஊர்கள் தூங்கவாவது விடும். கூடாரம் போடும் மைதானங்கள் மலிவுதான். ஆனால் காலை ஐந்தரைக்கு எழ நினைப்பவருக்கு, இரவு இரண்டு மணிக்குப் பக்கத்துக் கூடாரத்தார் எஞ்சினை முறுக்கிக் காட்டும் இடம் ஒத்துவராது.

இரண்டாம் படி: உரிமமும் வண்டியும்

இந்தியாவிலிருந்து வருபவர்கள், கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். இரண்டையும் கையில் வைத்திருங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்கள் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் வகை தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் உரிமத்தை நீட்டினால் வாடகைக் கடையில் வண்டி தரமாட்டார்கள்.

அருகிலுள்ள விமான நிலையம் ராபிட் சிட்டி. அங்கேயே வண்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆகப் பெரிய ஹார்லியை எடுக்காதீர்கள். நம் ஊர் புல்லட் 195 கிலோ. நெடும்பயணத்துக்கான ஹார்லிகள் 350 கிலோவைத் தாண்டும். ஓடும்போது எடை தெரியாது. சரளைக்கல் பரவிய சரிவில் நிறுத்தித் திருப்பும்போது தெரியும். 250 கிலோவுக்குள் ஒன்று கிடைத்தால் இந்த மலைகளுக்கு அது போதும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மிக மலிவான குழாயில் வருவது பெரும்பாலும் ஆக்டேன் என்ற தர எண் 85 உள்ளது. உயரமான பகுதிகளில் இருந்துவரும் பழைய வழக்கம் அது. பெரிய எஞ்சின்களுக்கு 91 கேட்டுப் போடுங்கள்.

தெற்கு டகோட்டாவில் 18 வயதைக் கடந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. கண்ணுக்குக் காப்பு மட்டும் கட்டாயம். பாதிப் பேர் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பத்து நாளில் சிலர் உயிரோடு வீடு திரும்புவதில்லை. சட்டம் என்ன சொன்னாலும் ஹெல்மெட் போடுங்கள்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது நெரிசலில் தானாகவே வந்துவிடும், முன்னால் போகிறவரைப் பார்த்துப் போனால் போதும். ஆபத்து வெறிச்சோடிய சாலையில்தான் இருக்கிறது. பெட்ரோல் பங்கிலிருந்து அதிகாலையில் வெளியே வரும்போது பழகிய கை இடப்பக்கம் திருப்பிவிடும். என் மைத்துனன் டாங்க் மேல் அம்புக்குறி போட்ட ஒரு துண்டு டேப்பை ஒட்டிக்கொண்டான். சிரித்த நானும் இரண்டாம் நாள் ஒட்டிக்கொண்டேன்.

முதல் நாள்: ஸ்டர்ஜிஸ், டெட்வுட், லீட்

காலை ஆறு மணிக்கு ஸ்டர்ஜிஸ் மெயின் தெருவில் நில்லுங்கள். பகலில் நான்கு வரிசையாகப் பைக்குகள் அடைத்துக்கொள்ளும் தெரு அது. அந்நேரத்தில் துடைப்பம் போடுகிறவர்களும் காபிக் கடைக்காரர்களும்தான் இருப்பார்கள். ஊருக்குக் கிழக்கே 1878இல் அமைத்த மீட் கோட்டை இருக்கிறது. லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்த இரண்டாம் ஆண்டு, இந்த மலைகளைக் காவல் காக்கக் கட்டியது. சிப்பாய்களின் சம்பளத்தை வழித்தெடுப்பதற்கென்றே பக்கத்தில் முளைத்த ஊர் என்பதால் ஸ்டர்ஜிஸுக்கு 'ஸ்கூப்டவுன்', அதாவது வழித்தெடுக்கும் ஊர், என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஒரு டீ-ஷர்ட்டுக்கு இன்று கேட்கும் விலையைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

திருவிழாவின் தொடக்கம் 1938. 'பாப்பி' ஹோயல் என்ற உள்ளூர் பைக் வியாபாரியும் அவருடைய ஜாக்பைன் ஜிப்சீஸ் சங்கமும் நடத்திய முதல் பந்தயத்தில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஹோயல் விற்றது இந்தியன் பைக். பெயரைப் பார்த்து மகிழ வேண்டாம்; 1901இல் மாசசூசெட்ஸில் பிறந்த நிறுவனம் அது.

ஸ்டர்ஜிஸிலிருந்து 14ஏ சாலையில் போல்டர் பள்ளத்தாக்கு வழியாக இருபது கிலோமீட்டர் போனால் டெட்வுட். ஏழு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் ஓர் ஊருக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியுமென்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

1876இல் தங்கம் தேடி வந்தவர்கள், பட்ட மரங்கள் கிடந்த ஓடைப் பள்ளத்தில் கூடாரம் அடித்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. நாடு முழுவதும் பெயர்பெற்ற துப்பாக்கிக்காரர் 'வைல்ட் பில்' ஹிக்காக் அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு மதுக்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஜாக் மெக்கால் பின்னால் வந்து சுட்டுக் கொன்றான். வழக்கமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்கிற மனிதர், அன்று கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாராம். கையில் இருந்தது ஏஸும் எட்டும். சீட்டாடுகிறவர்கள் அந்தச் சீட்டை இன்றும் செத்தவன் கை என்கிறார்கள். சுரங்கத் தொழிலாளிகள் கூட்டிய நீதிமன்றம் மெக்காலை விடுதலை செய்தது. பூர்வகுடிகளின் நிலத்தில் எழுந்த ஊரே சட்டத்துக்குப் புறம்பானது, அங்கே நடந்த விசாரணை எப்படிச் செல்லும் என்று சொல்லி, அப்போதைய பிரதேசத் தலைநகரான யாங்க்டனில் மறுபடி விசாரித்து 1877 மார்ச் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

கோடையில் இந்தக் கொலையைத் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மேலே இருக்கும் மவுண்ட் மொரையா கல்லறைத் தோட்டம். ஏற்றம் செங்குத்து, பைக்கைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து போனோம். ஹிக்காக் கல்லறைமேல் சில்லறைக் காசுகள், ஒரு பாட்டில் மூடி, பனியில் நனைந்து சுருண்ட ஒரு சீட்டு. எட்டோ ஏஸோ என்று குனிந்து பார்த்தேன். ஸ்பேடு மூன்று. யாரோ மிஞ்சியதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்திலேயே கலாமிட்டி ஜேன், 1903இல் இறந்த எல்லைப்புறச் சாகசக்காரி. இந்த இரண்டோடு எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் சீனர் பகுதிக்கும் போங்கள். துணி வெளுக்கவும் கடை வைக்கவும் வந்த சீனர்கள் இந்த ஊரில் ஒரு தெருவையே நிறைத்திருந்தார்கள். அவர்களில் பலருடைய எலும்புகளைப் பிறகு தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அங்கே பார்க்க ஏதும் பெரிதாக இல்லை, புல்தான்.

டெட்வுட்டில் 1989இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி, வருமானத்தில் ஒரு பங்கைப் பழைய கட்டடங்களைக் காக்கச் செலவிடுகிறார்கள். செங்கல் முகப்புகள் இன்று நிற்பது அந்தக் காசில்தான். சூதாட்டத்தில் பிறந்த ஊரைச் சூதாட்டமே காப்பாற்றுகிறது. நமக்கு அங்கே வேலையில்லை. ஹிக்காக் பெயரைச் சொல்லிப் படமெடுக்க அழைக்கும் மதுக்கூடம் கொலை நடந்த அசல் இடமல்ல என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அசல் இடம் அதே மெயின் தெருவில் வேறொரு கட்டடம்.

ஐந்து கிலோமீட்டர் மேலே லீட். ஈயத்தைக் குறிக்கும் சொல் என்று நினைத்து 'லெட்' என்று உச்சரித்தால் உள்ளூர்க்காரர் திருத்துவார். தாதுப் படிவத்தைச் சொல்லும் சுரங்கச் சொல் இது. 1876இல் கண்டுபிடித்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 8,000 அடி ஆழத்துக்குப் போய், 2002இல் மூடப்பட்டது. சுரங்கம் ஊருக்கு அடியிலேயே போனதால் நிலம் அமிழ்ந்து, கடைத்தெருவின் ஒரு பகுதியையே இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாபெரும் குழியின் விளிம்பில் நின்று பார்க்கலாம். அடியில் 4,850 அடி ஆழத்தில், உலர் சலவைக்கான திரவத்தைத் தொட்டி நிறைய ஊற்றிவைத்துச் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்தார் விஞ்ஞானி ரே டேவிஸ். சுரங்கம் மூடிய அதே 2002இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அங்கே இயங்குவது நிலத்தடி ஆய்வுக்கூடம்.

திரும்பும்போது ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்கு வழியாக இறங்குங்கள். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் நிழல்.

இரண்டாம் நாள்: தெற்கு மலைகள்

இன்று சாலைதான் விருந்து. 385ஆம் எண் சாலையில் ஹில் சிட்டியைக் கடந்து கஸ்டர். இந்த மலைகளின் ஆகப் பழைய வெள்ளையர் ஊர் இது. எருது பூட்டிய சரக்கு வண்டிகள் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தெருவை அவ்வளவு அகலமாக வைத்தார்கள். 1874இல் ஜெனரல் கஸ்டரின் படை அருகிலுள்ள பிரெஞ்ச் ஓடையில் தங்கத்தைக் கண்டது. அமெரிக்க அரசோடு செய்த 1868 உடன்படிக்கைப்படி இந்த மலைகள் முழுக்க லகோட்டா பூர்வகுடி மக்களுக்குச் சொந்தம். அதே ஆண்டுக் குளிர்காலத்திலேயே ஒரு கூட்டம் திருட்டுத்தனமாக வந்து மரக்கோட்டை கட்டிக்கொண்டது. ராணுவம் வந்து வெளியேற்றியது. ஆனால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களை யாரும் வெளியேற்றவில்லை. 1877இல் அரசே நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம், எடுத்தது தவறு, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடு என்றது. லகோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மலைதான் வேண்டும் என்கிறார்கள். இந்த மலைகளில் நாம் சுற்றும் ஊர்கள் அந்த வழக்குச் சொத்தின் மேல்தான் நிற்கின்றன.

கஸ்டரிலிருந்து நீடில்ஸ் சாலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு வளைவுகள் புதிதல்ல. ஆனால் அங்கே லாரி ஹாரன் அடிக்கும், இங்கே யாரும் அடிப்பதில்லை. ஊசிமுனைப் பாறைகளுக்கு நடுவே குடைந்த ஒரு சுரங்கவழி எட்டடி அகலம்தான். எதிரே கார் நுழைந்துவிட்டால் காத்திருங்கள்.

பிறகு காட்டுயிர் வளையச் சாலை, கஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் 29 கிலோமீட்டர். ஏறத்தாழ 1,300 காட்டெருமைகள் இருக்கின்றன. காலை ஏழரைக்கு ஒரு திருப்பத்தில் மந்தை சாலையை மறித்து நின்றது. "அத்தான், எஞ்சினை அணைத்துவிடுங்கள்" என்றான் மைத்துனன். அணைத்தோம். புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது, கோணிப்பையைக் கிழிப்பது போல. ஒரு கிடா என் முன்சக்கரத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்று மூச்சுவிட்டது. ஈரமான சாக்கின் நாற்றம். அது நகர பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் கண்ணாடியில் என் முகத்தை நான் பார்க்கவில்லை, நல்லதுதான். மந்தை தானாக வந்து மறித்தால் வண்டியிலேயே அசையாமல் இருக்க வேண்டும். நாமாக நெருங்கக் கூடாது. 90 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். 2020 திருவிழா வாரத்தில் பைக்கை விட்டு இறங்கிக் கன்றைப் படமெடுக்கப் போன ஒரு பெண்ணைக் காட்டெருமை முட்டித் தூக்கியது.

வெளியேறும்போது அயர்ன் மவுண்டன் சாலை. 27 கிலோமீட்டரில் 314 வளைவுகள். பூங்காப் பக்கமிருந்து கீஸ்டோனை நோக்கித்தான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் சுரங்கவழிகளின் வாயில் ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு ஜனாதிபதிகளின் முகங்களும் சட்டமிட்ட படமாக எதிரே தெரியும். எதிர்த்திசையில் போனால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாதை வட்டமடித்துத் தன் தலைமேலேயே ஏறிப்போகும் மரப்பாலங்கள் மூன்று இருக்கின்றன, பன்றிவால் என்கிறார்கள். இந்தச் சாலைகளுக்குத் தடம் பார்த்த பீட்டர் நார்பெக், இங்கே மெதுவாகப் போக வேண்டும், முழுதாகப் பார்க்க இறங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்டவர். பதினொரு மணிக்குமேல் பின்னால் நூறு பைக் உறுமும்போது அந்த எண்ணம் எடுபடாது. ஆகவே ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள்.

கீஸ்டோனில் நிற்காதீர்கள். ஐஸ்கிரீமும் பொம்மைத் துப்பாக்கியும்தான்.

மூன்றாம் நாள்: வயோமிங்

மேற்கே ஐ-90 நெடுஞ்சாலையில், பக்கத்து மாநிலமான வயோமிங்கில், சன்டான்ஸ். தெற்கு டகோட்டாப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 80 மைல். காற்று பலமாக அடித்தால் 65 போதும். பின்னாளில் கொள்ளைக்காரனாகப் பெயர்பெற்ற ஹாரி லாங்கபாக் என்ற இளைஞன் குதிரை திருடி இந்த ஊர்ச் சிறையில் பதினெட்டு மாதம் இருந்தான். வெளியே வந்தபின் 'சன்டான்ஸ் கிட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தண்டனை கொடுத்த ஊரே பெயரையும் கொடுத்தது.

அங்கிருந்து டெவில்ஸ் டவர். அடியிலிருந்து 867 அடி நிமிர்ந்து நிற்கும் கற்றூண். 1906இல் அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. லகோட்டாக்களுக்கு அது கரடியின் இல்லம். சுற்றியுள்ள நடைபாதையில் ஒரு வட்டம் வர முக்கால் மணி நேரம். ஹியூலட் ஊரைத் தாண்டி 24ஆம் எண் சாலையில் அலாடினுக்கு வாருங்கள். மக்கள்தொகை 15 என்று பலகை சொல்கிறது. 1896இல் கட்டிய பல்பொருள் கடை ஒன்று. எல்லைப்புற ஊர் என்பதன் முழு அளவே இவ்வளவுதான்: ஒரு கடை, ஒரு தபால் பெட்டி, ஒரு நாய். மதியம் பெல் ஃபூர்ஷ் வழியாகத் திரும்பலாம்.

நான்காம் நாள்: வால், பேட்லேண்ட்ஸ்

வால் ஊர் தங்கத்துக்காகப் பிறந்ததல்ல. அதன் பெயரை நாட்டுக்குச் சொன்னது 1931இல் ஒரு தம்பதி வாங்கிய மருந்துக்கடை. நெடுஞ்சாலையோரம் 'ஐஸ் தண்ணீர் இலவசம்' என்று பலகை நட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். தண்ணீர் இன்றும் இலவசம், காபி ஐந்து சென்ட். சைவர்கள் அங்கே டோனட் சாப்பிட்டுத் தெம்பு ஏற்றிக்கொள்ளலாம்; இந்த வட்டாரத்தில் வேறு பெரிய வாய்ப்பில்லை. பையில் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தோம், அதுதான் நான்கு நாளும் காப்பாற்றியது.

பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வளையச் சாலையைப் பத்து மணிக்குள் முடியுங்கள். நிழல் கிடையாது. பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் எச்சரிக்கை இல்லாமல் வரும். இரண்டு மணிக்கு மேற்கே வானம் கருநீலமாகியும் நான் 'இன்னும் பத்து மைல்தானே' என்று ஓட்டினேன். கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி முழங்கையில் விழுந்த தடம் ஒரு வாரம் இருந்தது. மேம்பாலத்தின் கீழ் ஒதுங்காதீர்கள், பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி ஒரு பங்கில் நில்லுங்கள்.

ஐந்தாம் நாள்: மாத்தோ பஹா

ஸ்டர்ஜிஸுக்கு வடகிழக்கே பத்துக் கிலோமீட்டரில் சமவெளியில் தனியாக நிற்கிறது பேர் பியூட். லகோட்டா மொழியில் மாத்தோ பஹா, கரடிமலை. லகோட்டாக்களும் ஷயான்களும் விரதமிருந்து வழிபடும் இடம். அடிவாரத்தில் நூறு மீட்டருக்கு முன்னாலேயே எஞ்சின் சத்தத்தைக் குறையுங்கள். மரக்கிளைகளில் வண்ணத் துணிகள் கட்டியிருக்கும். தொடவும் படமெடுக்கவும் கூடாது. யாராவது உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தால் பேசாமல் கடந்து போங்கள். உச்சிக்கு மூன்று கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

நாங்கள் உச்சியில் நின்றபோது மணி பத்தாகிவிட்டது. தென்மேற்கே ஸ்டர்ஜிஸ் ஒரு தகரத் துண்டு போல மின்னியது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குளவிக்கூட்டைத் தட்டியது போல ஒரு முனகல் எழுந்தது, திருவிழா விழித்துக்கொண்டது. இறங்கும் வழியில் ஒரு முதியவர் கையில் மடித்த சிவப்புத் துணியோடு ஏறிவந்தார். பாதை ஓராள் அகலம்தான். ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை, பாறையோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டோம்.